குன்னத்து ‘டைனோசர் முட்டை’யும் கல்லக்குடி பவளமும்: கல்லுக்குள் கடலைக் கண்டுபிடிப்பது எப்படி?

2020 அக்டோபர். கொரோனா பயம் இன்னும் விலகாத நேரம். எல்லார் கையிலும் போன், எல்லார் போனிலும் வாட்ஸ்அப். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஒரு நீர்நிலையில் மண் எடுத்தபோது, உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளியே வந்தன. யாரோ படம் எடுத்தார்கள், யாரோ ‘டைனோசர் முட்டை’ என்று தலைப்புப் போட்டார்கள். அவ்வளவுதான். மாநிலம் முழுக்கப் படம் சுற்றியது. பக்கத்து ஊர்க்காரர்கள் நேரிலேயே பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

புவியியல் வல்லுநர்கள் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் வேறு. முட்டையும் இல்லை, டைனோசரும் இல்லை. அவை அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் எச்சங்களோடு உருவான படிவுகள்.

முட்டை இல்லை என்றதும் ஆர்வமாகப் போனவர்களுக்கு முகம் தொங்கிப் போயிருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்தால், கிடைத்த பதில்தான் பெரிய அதிசயம். கடற்கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே, கரும்பும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊரில், கடல் உயிரினம் எப்படி வந்தது?

மக்கள் முட்டை என்று நினைத்ததையும் குறை சொல்ல முடியாது. 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைக் கூட்டங்கள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்த செய்தி அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு உருண்டையாக எந்தக் கல் கிடைத்தாலும் மனம் முட்டைக்குத்தானே போகும்?

ஒரு உயிர் இறந்து கடலடிச் சேற்றில் புதைகிறது. உடல் அழுகும்போது அதைச் சுற்றியுள்ள சேற்றின் வேதியியல் மாறுகிறது. அந்த இடத்தில் மட்டும் தாதுக்கள் படிந்து, சேறு சிமெண்ட் போல இறுகி உருண்டையாகிறது. பின்னாளில் சுற்றியுள்ள மென்மையான மண் கரைந்து போனாலும் உருண்டை நின்றுவிடும். உடைத்துப் பார்த்தால் நடுவில் அந்த உயிரின் ஓடோ அதன் அச்சோ இருக்கலாம். முட்டை என்றால் கதை வேறு. சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஓடு வெளியே தனியாகத் தெரிய வேண்டும். அந்த ஓட்டில் ஊசி முனை அளவில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே கல்லாக இருந்தால், அது எவ்வளவு அழகான உருண்டையாக இருந்தாலும் முட்டை என்று சொல்ல ஆதாரம் இல்லை.

வயலுக்கு அடியில் ஒரு கடல்

அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்கள் சந்திக்கும் பகுதிக்கு உலகம் முழுக்க உள்ள புவியியலாளர்களிடம் தனி மரியாதை உண்டு. இந்தியா, அன்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்து பிரிந்த காலத்தில் நம் கிழக்குக் கரை உடைந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் ஏறியது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தையும் தாண்டி, அந்தக் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு அடுக்கு சேறு, மணல், சுண்ணாம்பு. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தந்தக் காலத்து உயிர்கள்.

காரை கிராமத்துக்கு வெளியே போனால், மழை அறுத்து அறுத்துச் சின்னச் சின்னப் பள்ளத்தாக்குகளாக்கிய களிமண் மேடுகள் கிடக்கின்றன. புல்கூட அதிகம் முளைக்காத பூமி. வெயிலில் அங்கங்கே கண்ணாடித் துண்டு போலப் பளபளக்கும். முதல் தடவை போகிறவர்கள் ஓடிப்போய் எடுப்பது அதைத்தான். அது ஜிப்சம். வெறும் தாது. உயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையான புதையல் அதற்குப் பக்கத்திலேயே, பார்க்கச் சாதாரணமாக, பழுப்பு நிறத்தில் கிடக்கும்.

அதைக் கண்டுகொள்ள ஆய்வகம் தேவையில்லை. வீட்டில் தினமும் பார்க்கும் சில வடிவங்களை நினைவில் வைத்தால் போதும்.

முறுக்கா, சங்கா?

அம்மோனைட் என்பது முறுக்கு. தட்டில் வைத்த முறுக்கு எப்படி ஒரே தளத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விரிகிறதோ, அப்படி. சங்கும் நத்தையும் அப்படி இல்லை. அவை மாடிப்படி போலச் சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். பக்கவாட்டில் வைத்துப் பார்த்து, கூம்பாக எழும்பினால் நத்தை இனம். தட்டையாகக் கிடந்தால் அம்மோனைட்டாக இருக்க வாய்ப்பு.

இன்னும் உறுதி வேண்டுமா? மேலோடு தேய்ந்துபோன இடத்தில் உற்றுப் பாருங்கள். இலை ஓரம் போல, பெரணிச் செடி போல நெளிநெளியாகக் கோடுகள் ஓடினால் சந்தேகமே வேண்டாம். அம்மோனைட்டின் ஓடு உள்ளே பல அறைகளாகப் பிரிந்திருக்கும். அறைச் சுவர் வெளி ஓட்டைத் தொடும் இடம்தான் அந்த நெளிகோடு. அதே முறுக்கு வடிவத்தில் கோடுகள் மட்டும் எளிய வளைவாக இருந்தால், அது நாட்டிலஸ். அம்மோனைட்டுகள் டைனோசர்களோடு அழிந்துபோயின. நாட்டிலஸின் வம்சம் இன்றும் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களில் நீந்துகிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அம்மோனைட் புதிதும் அல்ல. பல வீட்டுப் பூஜையறைகளில், சிறு வெள்ளித் தட்டில், துளசியோடு அது உட்கார்ந்திருக்கிறது. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரம், இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் சுவடுதான். திருமாலின் சக்கரமாக வணங்குகிறவர்களுக்கு அது தெய்வம். புவியியலாளருக்கு அது கடல். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே கல்லை.

காரைக் களிமண்ணில் இன்னொன்று கிடைக்கும். விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, துப்பாக்கித் தோட்டா போலவே இருக்கும். சிலர் பல் என்பார்கள், சிலர் மரத்துண்டு என்பார்கள். அது பெலம்னைட். இன்றைய கணவாய் மீனின் தூரத்து உறவு. கணவாயின் உடம்புக்குள் வெள்ளை ஓடு இருக்குமே, அதுபோல இதன் உடம்புக்குள் இருந்த கெட்டியான பாகம் இது. உடைந்த முனையைப் பார்த்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போலப் படிகங்கள் விரிந்திருக்கும். பல்லிலோ மரத்திலோ இந்த அமைப்பு கிடையாது. ஜாங்கிரியைச் சிறிதாக்கியது போலச் சுருண்ட குழாய்களும் இதே மண்ணில் உண்டு. அவை கடல்புழுக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடுகள்.

பவளம்: எலுமிச்சைத் துண்டைத் தேடுங்கள்

கல்லக்குடி என்றதும் பழைய தலைமுறைக்கு நினைவு வருவது 1953 ரயில் மறியல். டால்மியாபுரம் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கல்லக்குடி என்று வைக்கச் சொல்லி நடந்த போராட்டம். ஊரின் பெயர் மாறிவிட்டது. ஆனால் புவியியல் புத்தகங்களில் அங்குள்ள பாறை அடுக்கின் பெயர் இன்றும் டால்மியாபுரம்தான். பாறைக்கு யார் மறியல் செய்வது!

அந்த அடுக்கில் இருப்பது பவளப்பாறை. கடல் முதன்முதலில் இந்தப் பக்கம் ஏறிய காலத்தில், வெளிச்சம் தரையைத் தொடும் அளவுக்கு ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான நீரில் பவளங்களும் சுண்ணாம்புப் பாசிகளும் சேர்ந்து கட்டிய திட்டு. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கங்களில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கும் சிவப்புக் கல் என்றுதான் பலருக்குத் தோன்றும். நவரத்தினப் பவளம் வேறு வகை. மத்தியதரைக் கடல் போன்ற இடங்களிலிருந்து வருவது, உள்ளே கெட்டியாக இருப்பது. பாறை கட்டும் பவளம் வெள்ளை எலும்புக்கூடு கொண்டது. உள்ளே முழுக்கத் துளைகள். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பழைய வீடுகளின் சுவர்களிலும் மதில்களிலும் அந்தக் கல்லை வைத்துக் கட்டியிருப்பதை இப்போதும் பார்க்கலாம். பாறைக்குள் பழைய பவளத்தைத் தேடப் போகிறவர்கள், முதலில் அந்தச் சுவர் ஒன்றின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது நல்லது. கண் பழகிவிடும்.

என்ன தெரியும்? சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிரி குடியிருந்த அறை. குழிக்குள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தடுப்புச் சுவர்கள் வரும். எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் சுளைகளுக்கு நடுவே கோடுகள் மையத்தை நோக்கிப் போகுமே, அதே காட்சி. பவளத்தை அடையாளம் காண இந்த ஒரு படத்தை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டைனோசர் காலத்துப் பவளங்களிலும் இன்றைய பவளங்களிலும் இந்தத் தடுப்புகள் ஆறின் மடங்கில் எண்ணிக்கை கூடும். முதலில் 6, பிறகு இடையில் 6, அப்புறம் 12 என்று. எல்லாக் கல்லிலும் இவ்வளவு சுத்தமாக எண்ண முடியாது. ஆனால் நட்சத்திரம் தெரிந்தால் போதும்.

சில பவளங்களில் அறைகள் தனித்தனிக் கிண்ணங்களாக இருக்கும். சிலவற்றில் தேனடை போல நெருக்கமாக ஒட்டியிருக்கும். இன்னும் சிலவற்றில் அறைகள் வரிசையாக ஒன்றோடொன்று சேர்ந்து, மூளையின் மடிப்பு போல வளைந்து வளைந்து ஓடும். கிளை கிளையாக வளர்ந்த வகை என்றால் பாறையில் வட்டமும் நீள்வட்டமுமாக வெட்டு முகங்கள் மட்டும் தெரியும், வெண்டைக்காயை நறுக்கிப் போட்டதுபோல.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பழைய பவளம் இருந்தபடியே இருப்பதில்லை. அதன் எலும்புக்கூடு அரகோனைட் என்ற தாதுவால் ஆனது. காலப்போக்கில் அது கால்சைட் என்ற நிலையான தாதுவாக மாறுகிறது. மாறும்போது நுணுக்கமான சுவர்கள் அழிந்து, கோலத்தின் மேல் தண்ணீர் ஊற்றியது போலக் கலங்கிவிடும். சில இடங்களில் பவளம் முழுதாகக் கரைந்துபோய், அது இருந்த இடத்தில் வெற்று அச்சு மட்டும் இருக்கும். அப்போது குழி இருந்த இடத்தில் மேடும், மேடு இருந்த இடத்தில் குழியும் தெரியும். தலைகீழாக யோசிக்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. தண்ணீர். காய்ந்த கல்லில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுப் பாருங்கள். பவளமும் அதைச் சுற்றியுள்ள சேறும் வெவ்வேறு நிறமாகப் பிரியும். வெயில் சாய்ந்து விழும் காலையும் மாலையும் இன்னும் நல்லது. சின்ன மேடுகூட நிழல் போடும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் சரி, இல்லாவிட்டால் போன் கேமராவை நெருக்கிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலே நட்சத்திரம் தெரிந்துவிடும்.

பவளம் போலவே ஏமாற்றுகிறவையும் உண்டு. குழிகள் ரவை அளவுக்கு மிகச் சிறிதாக, உள்ளே தடுப்புச் சுவரே இல்லாமல், வலை போல இருந்தால் அது பெரும்பாலும் பிரயோசோவா என்ற வேறு உயிரினம். கல்லான மரத்தின் குறுக்கு வெட்டிலும் வட்டங்கள் உண்டு. ஆனால் அங்கே முழுத் துண்டுக்கும் ஒரே மையம்தான் இருக்கும். பவளக் கூட்டத்திலோ ஒவ்வொரு அறைக்கும் அதன் மையம் தனி. ஏமாற்றுவதில் முதலிடம் ருடிஸ்டுக்குக் கொடுக்கலாம். மாட்டுக்கொம்பு வடிவத்தில் நின்றபடி வளர்ந்த சிப்பி அது. பார்ப்பவர் பவளம் என்றே சத்தியம் செய்வார். டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் உலகின் பல கடல்களில் திட்டுகளைக் கட்டியது பவளத்தைவிட இந்தச் சிப்பிதான். அம்மோனைட்டுகளோடு இதுவும் காணாமல் போனது.

சரி, இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் யாராவது கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லலாம். பவளம் நாள்தோறும் மெல்லிய ஒரு படலமாக வளர்கிறது. வருடத்துக்கு ஒரு பெரிய பட்டையும் விழுகிறது. 1963-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் வெல்ஸ் என்ற ஆய்வாளர், சுமார் 38 கோடி ஆண்டுகள் பழைய பவளங்களில் ஒரு வருடப் பட்டைக்குள் எத்தனை நாள் கோடுகள் இருக்கின்றன என்று எண்ணினார். சுமார் 400 வந்தது. அதாவது அன்று ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 400 நாட்கள். பூமி வேகமாகச் சுழன்றது, நாள் சிறியதாக இருந்தது. நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஓதங்கள் பூமியின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகின்றன என்று வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதற்கு, செத்த பவளம் சாட்சி சொன்னது. 2020-ல் ஓமன் நாட்டில் கிடைத்த, 7 கோடி ஆண்டுப் பழமையான ருடிஸ்ட் சிப்பி ஒன்றை லேசர் கொண்டு ஆராய்ந்தபோது, வருடத்துக்கு 372 நாட்கள் என்று வந்தது. அரியலூர் மேல் கடல் கிடந்த காலமும் ஏறக்குறைய அதேதான். அந்தக் கடலில் வாழ்ந்த பவளத்துக்கு ஒரு நாள் என்பது இருபத்துமூன்றரை மணி நேரம்.

கும்பிட்ட கையும், செம்பும் மூடியும்

சுண்ணாம்புப் பாறையில் அதிகம் கண்ணில் படுவது சிப்பிதான். அதிலும் இரண்டு வேறு குடும்பங்கள் உண்டு. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் உறவே கிடையாது.

வணக்கம் சொல்லக் கைகூப்புங்கள். வலது கையும் இடது கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஆனால் ஒரு கையை மட்டும் எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் ஒரு பக்கம், இரண்டு பாதியும் சமமில்லை. இதுதான் நாம் அறிந்த சாதாரணச் சிப்பி. இன்னொன்று பிரேக்கியோபாட். அது செம்பும் மூடியும் மாதிரி. மேலோடும் கீழோடும் ஒரே அளவு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் இடமும் வலமும் சமம். இதை ஒருமுறை புரிந்துகொண்ட பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகப் பிரித்துவிடுவார்கள்.

விதிக்கு விலக்கு உடனே வந்துவிடும். அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் நெருக்கி அடுக்கியதுபோலக் கிடப்பது கிரிஃபியா என்ற ஆளிவகைச் சிப்பி. அதன் ஒரு ஓடு ஆழமான கிண்ணம், வளைந்து கனத்தது. மற்றது தட்டையான மூடி. கும்பிட்ட கையும் இல்லை, செம்பு மூடியும் இல்லை. இங்கிலாந்துக் கிராமங்களில் இதே இனத்தின் ஓடுகளைப் ‘பிசாசின் கால்நகம்’ என்பார்கள். பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும்.

அரியலூர் சிமெண்ட் ஊரானதற்குக் காரணமே இந்தச் சிப்பிகள்தான். ஓடுகளில் இருந்த சுண்ணாம்புதான் சுண்ணாம்புக்கல்லாகி, சூளையில் வெந்து, மூட்டையில் வருகிறது. சொந்த வீடு கட்டியவர்களில் பலர், தெரியாமலேயே ஒரு பழைய கடலின் மேல் குடியிருக்கிறார்கள்.

ஐந்து இதழ்ப் பூ அச்சு மேலே பதிந்த, சின்ன பன் போன்ற கல் கிடைத்தால் அது கடல் முள்ளெலி. முட்கள் உதிர்ந்துபோய் உடல் மட்டும் மிஞ்சியது. உண்மையான பூ கல்லாக மாறி இப்படி உருண்டு திரண்டு இருக்காது. தட்டையான கல்லில் கறுப்பாக, செடி கொடி போலப் படர்ந்த அழகான படம் தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அது கல்லின் விரிசலில் கசிந்த மாங்கனீசு. சந்தையில் ‘பழங்காலச் செடி’ என்று விலை சொல்லி விற்பதும் உண்டு.

கல்லான மரமும் இந்தக் கடல் கதையில் சேர்ந்ததுதான். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரத்தைப் பற்றி 1940-ல் முதலில் எழுதியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். ஆற்றில் அடித்து வரப்பட்டுக் கடலில் மூழ்கி, மண் மூடி, மரச்சத்து இருந்த இடத்தில் சிலிக்கா புகுந்து கல்லானது. இந்த வட்டாரத்தில் கிடைக்கும் கல்மரத் துண்டுகள் சிலவற்றில் விரல் நுழையும் துளைகள் இருக்கும். கரையான் இல்லை. மரத்தைத் துளைக்கும் கடல் சிப்பி. இன்றும் மரப் படகுகளைக் கெடுப்பது அதன் சொந்தக்காரர்கள்தான்.

மரமா, சுண்ணாம்பா என்று சந்தேகம் வந்தால் சமையலறையிலேயே சோதனை இருக்கிறது. கல்லிலிருந்து உதிர்ந்த தூளில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. பொடிப்பொடியாகக் குமிழி வந்தால் சுண்ணாம்பு. சிலிக்காவான மரம் அசையாது, ஆணியால் கீறினாலும் கோடு விழாது. நல்ல படிவத்தின் முகத்தில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. உதிரித் தூளே போதும்.

பெட்டியில் போன கற்கள்

இந்தக் கற்களை முதலில் அறிவியல் உலகுக்குக் காட்டியவர்கள் புவியியலாளர்கள் அல்ல என்பது சுவாரஸ்யம். 1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண சிவில் அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை ஆராய்ந்து எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-ல் எழுதினார். 1860-களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்குள்ள அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர்கள்தான். பிறகு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியாவிலிருந்து வந்து, கல்கத்தாவில் உட்கார்ந்து, தென்னிந்தியக் கடல் படிவங்களைப் பற்றி 1873 வரை பல தொகுதிகள் எழுதினார். பவளங்களையும் அவர் விடவில்லை. அடுத்த ஆண்டே, 36 வயதில், லடாக் மலைப் பயணத்தில் இறந்தார்.

அவர்கள் காலத்தில் எடுத்துப் போவதுதான் அறிவியல். இன்று அப்படி இல்லை. ஒரு அம்மோனைட் எந்த அடுக்கில், எந்த மேட்டில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், அது மேசையில் வைக்கும் அழகுப் பொருள் மட்டுமே. சிப்பிகள் நிறைந்த பளபளப்பான திருச்சிக் கல்லை அப்படித்தான் ஒரு காலத்தில் அலங்காரப் பொருளாக்கி விற்றார்கள்.

எனவே கல்லில் நட்சத்திரமோ முறுக்கோ தெரிந்தால், எடுத்துப் பையில் போடுவதற்கு முன் போனை எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம். கொஞ்சம் பின்னால் போய், சுற்றியுள்ள இடம் தெரிய இன்னொரு படம். மேப்பில் அந்த இடத்தைச் சேமித்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் படங்களை அருகில் உள்ள கல்லூரியின் புவியியல் துறைக்கோ, அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ காட்டலாம். சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் இறங்குவது உயிருக்கே ஆபத்து, சட்டப்படியும் தவறு. மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கும் பவளத்தை, உயிரற்றதாக இருந்தாலும், எடுத்து வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாறைக்குள் இருக்கும் பழைய பவளத்துக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. புவியியல் பாரம்பரிய இடங்களைக் காக்க ஒரு வரைவு மசோதாவை மத்திய சுரங்கத்துறை அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வைத்ததே 2022 டிசம்பரில்தான்.

படம் எடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கல்லமேட்டைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். அரியலூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அருகே கிடைத்த எலும்புகளை வைத்து, 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள்: புருஹத்காயோசாரஸ். பெருத்த உடல் கொண்ட பல்லி என்று பொருள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்றார்கள். உண்மையென்றால், பூமியில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்று நம் காவிரிப் படுகையில் நடந்திருக்கிறது.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் ஊறி ஊறி, தோண்டி எடுக்கும்போதே நொறுங்க ஆரம்பித்து, கடைசியில் முழுதாகச் சிதைந்துபோயின. மூல அறிக்கையில் இருந்தது சில கோட்டோவியங்கள்தான். வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர், அது எலும்பே இல்லை, கல்மரத்தின் துண்டாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். எலும்பா, மரமா? தொட்டுப் பார்க்கக் கல் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

2022-ல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லமேட்டில் அந்த எலும்புகள் மண்ணுக்குள் கிடந்தபோது எடுத்து, அதுவரை வெளியிடப்படாமல் இருந்த பழைய புகைப்படங்கள் அதில் இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகுதான், அது மரமல்ல, எலும்பு என்ற தரப்புக்கு வலு கிடைத்தது.